மாமனார் பார்த்த மூஸ்

பச்சை நிறத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். நாங்கள் தங்கிய மரவீட்டின் வாசற்படியில் போய்ச் சேர்ந்த மாலையே, காட்டைச் சுற்றிக் காட்டும் கைடு மூன்று ஜோடி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்று, என் மனைவிக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று. மாமனார் தன்னுடையதை உடனே போட்டுப் பார்த்தார். அறுபத்துமூன்று வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த பூட்ஸோடு புல்தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "லைன் வேலைக்குப் போறப்ப இப்படி ஒண்ணு குடுத்திருந்தா எத்தனை சௌரியமா இருந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். கழற்றிய பிறகு அடியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, ஜோடி சேர்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். அந்த நான்கு நாள் பயணத்தில் அந்த பூட்ஸ் அவர் காலில் ஏறியது அந்த ஒரு முறைதான். அதற்குக் காரணம் நான்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்ஸியில், பிஸ்கட்டவேயில் இருந்தோம். தொண்ணூற்றெட்டாம் வருஷம். எங்கள் அப்பார்ட்மென்ட் வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்தால் ஒரு வழக்கம் இருந்தது. முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் பையனின் அம்மா. விசா முடிய முடிய ஆள் மாறுவார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பாட்டியை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பாட்டியை அழைத்து வந்தவர்களும் உண்டு. எங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். என் அம்மா வந்து ஆறு மாதம் இருந்துவிட்டு, குளிர் ஆகவில்லை என்று திரும்பிவிட்டார். டேகேரில் விட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் குழந்தைக்குக் காய்ச்சல். மனைவி ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்த்தாள், லீவும் தீர்ந்துவிட்டது. கடைசியில் மாமனார்தான் வந்தார், தனியாக.

கோபிசெட்டிபாளையம் பக்கத்து மனிதர் அவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த மகளைக் குழந்தையில் தூக்கியதில்லை என்று மனைவி அடிக்கடி சொல்வாள். அந்த மனிதர் வந்த இரண்டாவது வாரத்தில் டயப்பர் மாற்றக் கற்றுக்கொண்டார். முதலில் முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டு, ஒழுகியதும் தானே தரையைத் துடைத்துவிட்டு, எங்களிடம் சொல்லாமல் மறைத்தார். பிறகு கைக்குப் பழகிவிட்டது. பகல் முழுவதும் அவரும் பாப்பாவும் மட்டும். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறக்கும்போது, அவர் தோளில் துண்டு, அதன்மேல் குழந்தையின் தலை. "இன்னைக்கு ஒரு வாய் சேத்தித் தின்னுச்சுங்க மாப்பிள்ளை" என்பார். வேலையிலிருந்து வந்தவனுக்கு அறிக்கை கொடுப்பது போல ஒரு பணிவு. நான் தலையாட்டிவிட்டு டிவியைப் போடுவேன்.

அவருக்குக் காட்டு விலங்குகள் என்றால் உயிர். தாளவாடி மலைப் பக்கம் பல வருஷம் லைன் பார்த்தவர். யானை சாய்த்துவிட்ட கம்பத்தை நிமிர்த்தப் போய், அதே யானை கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருந்த கதையைச் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒருநாள் டிவியில் மூஸைக் காட்டினார்கள். மான் இனத்திலேயே பெரியது அது. நம் ஊர்க் கடமானைக் குதிரைக்கு மேல் உயரமாக வளர்த்து, மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. மாமனார் கையில் பால் புட்டியோடு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். "இது இங்கத்த மிருகமுங்களா? நேர்ல பாக்க முடியுமுங்களா?" என்று கேட்டார். அமெரிக்கா வந்த பிறகு அவர் என்னிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை.

நான் உடனே பெரிய மனதுக்காரனாகிவிட்டேன். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், காடும் சதுப்புமான இடத்தில், கைடு வைத்து விலங்குகளைக் காட்டும் ஒரு விடுதியைக் கண்டுபிடித்தேன். நான்கு விடியல்கள், நான்கு படகுப் பயணங்கள். மூன்று இருக்கைகள் பதிவு செய்தேன். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைப் படகில் ஏற்ற மாட்டோம் என்று அவர்கள் அனுப்பிய தாளில் எழுதியிருந்தது. படித்தேன். மூவரில் யாராவது ஒருவர் முறை வைத்துக் குழந்தையோடு இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீஸில், பாட்லக் விருந்துகளில், கோயிலில் பார்த்த ஆன்ட்டி அங்கிள்களிடம் எல்லாம் ஒரே பேச்சு: "மாமாவுக்கு வைல்ட்லைஃப்னா ரொம்ப இஷ்டம், அவருக்காகத்தான் ட்ரிப் பிளான் பண்ணியிருக்கேன்." ஒரு ஆன்ட்டி தன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கோ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்காக ஒரு நீண்ட லென்ஸ் வாங்கினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் விடியலில் அவரே விட்டுக்கொடுத்தார். "புது எடம், பாப்பா எந்திரிச்சு என்னையக் காணோம்னா அழுகும். நீங்க ரெண்டு பேரும் பாத்துப்போட்டு வாங்க, நாளைக்கு நான் போறனுங்க" என்றார். அதில் கள்ளம் இல்லை. நாங்கள் போனோம். பனி மூடிய ஏரி, கரையெல்லாம் ஊசியிலை மரங்கள், பீவர் என்ற நீர்விலங்கு குச்சிகளால் கட்டிய அணை, லூன் பறவையின் நீண்ட கூவல். கொசுவும் கருப்பு ஈயும் காதுக்குள் புகுந்தன. மூஸ் வரவில்லை. படகில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. கைடு அதைப் பார்த்து, பெரியவர் நாளைக்கு வருவாரா என்று கேட்டார். இரண்டாம் நாள் விடியலில் தூறல். "நனைஞ்சா அப்பாவுக்குச் சளி பிடிச்சுக்கும், நாளைக்குப் போகட்டும்" என்று மனைவி சொன்னாள். அதிலும் கள்ளம் இல்லை. அன்றும் மூஸ் வரவில்லை, சேற்றில் அதன் குளம்புத் தடம் மட்டும் கண்டோம். என் உள்ளங்கையை விடப் பெரிய தடம். நான் கையை வைத்துப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் என்னைப் பிடித்த ஆசை மிகவும் அற்பமானது. நாளைக்கு என் முறை என்று நான் குழந்தையோடு மரவீட்டில் உட்கார்ந்திருக்க, மாமனாரும் மனைவியும் போய் அதைப் பார்த்துவிட்டால்?

கரைக்கு வந்ததும் கைடு வேறு எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். உள்ளே தள்ளி ஒரு குட்டை இருக்கிறது, மூன்று நாளாக ஒரு பெரிய ஆண் மூஸ் அங்கே வந்து மேய்கிறது, நாளைக்கு வானம் வெளுத்தால் அங்கேதான் போகிறோம் என்றார்.

அன்று சாயங்காலம் மாமனார் மரவீட்டின் சின்ன அடுப்பில் பாப்பாவுக்குச் சாதம் குழைத்துக்கொண்டிருந்தார். மறுநாளுக்கான ஸ்வெட்டர், குல்லா, இரண்டு பேண்ட் எல்லாம் மடித்து நாற்காலியில் இருந்தன. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். நாக்குக் கூசாமல் சொன்னேன்.

"மாமா, ஒரு சின்ன ப்ராப்ளம். விசிட்டர் விசாவுல வந்தவங்கள படகுல ஏத்த மாட்டாங்களாம். இன்ஷூரன்ஸ் கவர் ஆகாதாம். இப்பத்தான் சொன்னாங்க."

இன்ஷூரன்ஸ் என்ற சொல்லை நான் யோசித்துத்தான் எடுத்தேன். அமெரிக்காவுக்கு வரும் நம் பெற்றோர்களை அடக்க அதைவிட நல்ல சொல் கிடையாது. வழுக்கி விழுந்தால் இன்ஷூரன்ஸ் இல்லை, பல் வலித்தால் இன்ஷூரன்ஸ் இல்லை என்று வந்த நாளிலிருந்து நாங்களே சொல்லிச் சொல்லி அவர்களைப் படியில்கூடக் கைப்பிடியை விடாமல் இறங்க வைத்திருக்கிறோம். மாமனார் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படிங்களா. ரூல்ஸுன்னா அப்படித்தானுங்க. அதுக்கென்னங்க மாப்பிள்ளை."

கொஞ்ச நேரம் சாதத்தைக் கிண்டினார். பிறகு, "நான் படகுல ஏறலீங்க. கரையில நின்னு பாத்தாலும் ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

"ஆகாது மாமா" என்றேன்.

நான் நேராகக் கேட்டிருந்தால் போதும். "மாமா, நாளைக்கு எனக்கு ஆசையா இருக்கு, நீங்க நாளன்னைக்குப் போறீங்களா?" என்று கேட்டிருந்தால், முகம் மலர விட்டுக்கொடுத்திருப்பார். அப்படிக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. மாமனாருக்காகப் பயணம் ஏற்பாடு செய்த மாப்பிள்ளை என்ற பெயரும் வேண்டும், மூஸும் வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள ஒரு பொய் தேவைப்பட்டது. பொய் தனியாகவும் நிற்காது அல்லவா? குளித்துவிட்டு வந்த மனைவியிடம், "அப்பாவுக்கு முட்டி வலிக்குதாம், படகுல ஏறப் பயப்படறாரு. நீ கேக்காதே, சங்கடப்படுவாரு" என்று அடுத்ததைச் சொன்னேன். அவள் பாதி நம்பி, "வரலையாப்பா?" என்று அவரிடம் கேட்டாள். "இல்லம்மிணி, நீங்க போயிட்டு வாங்க" என்றார். என் இரண்டு பொய்களுக்கும் அந்த ஒரு பதில் பொருந்திப் போனது. நாற்காலியில் இருந்த ஸ்வெட்டரும் குல்லாவும் சத்தமில்லாமல் பெட்டிக்குள் போய்விட்டன.

மூன்றாம் நாள் மூஸைப் பார்த்தேன். கைடு மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போனார். குட்டையின் நடுவில் பழுப்பாக ஒரு பாறை தெரிந்தது. அந்தப் பாறை அசைந்தது. தலையை முழுதாகத் தண்ணீருக்குள் விட்டிருந்தது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, ஒரு நிமிஷம் போல் ஆன பிறகு தலை மேலே வந்தது. வெல்வெட் போர்த்திய கொம்புகளிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாயிலிருந்து அல்லிக்கொடி தொங்கியது. எங்களைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே மென்றது. ஒரு முழு ரோல், முப்பத்தாறு படம் எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு உறுத்தல் ஏதாவது இருந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. சந்தோஷமாக இருந்தேன். பக்கத்திலிருந்த காலி இருக்கையில் என் கேமரா பையை வைத்திருந்தேன்.

நான்காம் நாளாவது சரி செய்திருக்கலாம். கைடிடம் பேசிப் பார்த்தேன், சரி என்றுவிட்டார் என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. ஆனால் அவர் படகில் ஏறி, கைடு ஏதாவது பேசி, முதல் பொய் வெளியே வந்துவிட்டால்? மாட்டிக்கொள்ளும் பயத்தில் அன்றும் அவரை விட்டுவிட்டுப் போனேன். அன்று பார்த்ததில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

கிளம்பும் நாள் காலை உணவின்போது மனைவி குழந்தைக்கு உடை மாற்ற அறைக்குப் போயிருந்தாள். மேஜையில் நானும் மாமனாரும் மட்டும். கைடு பூட்ஸ்களை எடுத்துப்போக வந்தவர், மாமனாரின் ஜோடியில் சேறே இல்லாததைப் பார்த்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். மாமனாருக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். நான்கு நாளும் உங்கள் இருக்கையைக் காலியாகவே வைத்திருந்தேன், நீங்கள் யானைகளோடு வேலை பார்த்தவர் என்று உங்கள் மகள் சொன்னார், உங்களோடு பேச ஆசையாக இருந்தது, ஏன் வரவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டீர்களா, தொண்ணூறு வயதுக்காரரைக்கூட இதே படகில் கூட்டிப் போயிருக்கிறேனே என்றார்.

மாமனார் முப்பது வருஷம் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதியவர். ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்தது. நான் தட்டில் இருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கைடைப் பார்த்துச் சிரித்தார்.

"ஸ்டமக், சார். ஸ்டமக் ப்ராப்ளம். ஃபோர் டேஸ். வெரி சாரி" என்றார்.

கைடு அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாமனார் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு என்னிடம், வழக்கமான அதே குரலில், "பாப்பாவுக்கு வழிக்குப் பால் எடுத்துக்கோணுமுங்க மாப்பிள்ளை" என்றார்.

திரும்பி வரும் பத்து மணி நேர டிரைவில் அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அட, முகத்தையாவது திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். பின் சீட்டில் குழந்தையின் கார் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு வந்தார். ஒரு ரெஸ்ட் ஏரியாவில், "தூக்கம் வந்தா நிறுத்திக்குங்க, அவசரமில்லீங்க" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தது. ஒரே வீடு, ஒரே மேஜை. படங்கள் கழுவி வந்ததும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று நடந்ததையெல்லாம் விசாரித்தார். குட்டை எவ்வளவு ஆழம், தலையை எடுக்கும்போது சத்தம் வந்ததா, படகில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், காற்று எந்தப் பக்கம். குத்திக்காட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தானே நினைக்கும்? கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். செப்டம்பரில் ஊருக்குப் போனார். ஏர்போர்ட்டில் குழந்தையை முத்தமிட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக் கும்பிட்டார். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றின் தொடக்கத்தில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியத்துக்கு நாங்கள் மூவரும் கோபி போனோம். சாப்பாடு முடிந்து ஆட்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவரோடு மின்வாரியத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி பேசினார்.

"இவருதானுங்க அந்த மாப்பிள்ளை. மாமனாரு ஆசைப்பட்டாருன்னு அமெரிக்காவுல காட்டுக்கே கூட்டிட்டுப் போய் அந்த மிருகத்தைக் காட்டினவரு. சொல்லாத நாளில்லீங்க. தண்ணிக்குள்ளயிருந்து தலையத் தூக்குச்சாமா, கொம்பெல்லாம் தண்ணி கொட்டுச்சாமா. படகு ஒருக்கா ஆடிப்போச்சாமா. 'மாப்பிள்ளை என்ற கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு, கரை வந்து சேர்ற வரைக்கும் உடவே இல்லை'ம்பாரு. ஏனுங், அப்படியுங்களா?"

பத்துப் பதினைந்து முகங்கள் என்னைப் பார்த்தன. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியும் பார்த்தாள். தன் அப்பா ஒரு நாளும் அந்தப் படகில் ஏறவில்லை என்பது அங்கே என்னைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஆமாங்க" என்றேன்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போகும் காரில் குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது. "முட்டி வலின்னு அப்பா சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஷூரன்ஸ், கரையில் நின்று பார்க்கலாமா என்று அவர் கேட்டது, கைடிடம் அவர் சொன்ன பதில், எதையும் மறைக்கவில்லை. அவிநாசி தாண்டும் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதைத் தாங்க முடியாமல், இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லித் தேற்றிக்கொண்டிருந்ததை அவளிடமும் சொன்னேன்.

"மாமா என்னை மன்னிச்சுட்டாரு. இல்லேன்னா ஊர்ல வந்து என்னைப் பத்தி இப்படிச் சொல்லியிருப்பாரா?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். அழவில்லை.

"உங்கள மன்னிச்சாருன்னு யாரு சொன்னது? என்னையக் கட்டிக் குடுத்த எடம் எப்படின்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரிஞ்சுடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அது எனக்காகச் சொன்னதுங்க."

அவள் குழந்தையின் தலைக்கு அடியில் கையைச் சரியாக வைத்துக்கொண்டு மறுபடியும் வெளியே பார்க்கத் தொடங்கினாள். அது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாப்பா இப்போது சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். தாத்தாவும் அப்பாவும் சேர்ந்து மூஸ் பார்த்த கதையை ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு, அவளும் தன் நண்பர்களிடம் இங்கிலீஷில் சொல்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொல்லும்போது என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.